ஒலிவ மலைச் சபை ஈரமூட்டி வாங்கிய வரலாறு

பசியோடிருந்த ஒரு குகைமனிதன், தன்முன் நீட்டப்பட்ட இறைச்சித் துண்டைப் பார்த்து, "பரவாயில்லைங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்று என்றைக்குச் சொன்னானோ, அன்றைக்குத்தான் மனித நாகரிகம் பிறந்தது. நெருப்பு, சக்கரம் எல்லாம் அப்புறம் வந்த சில்லறைச் சாமான்கள். அந்த நாகரிகம் வளர்ந்து வளர்ந்து உச்சத்தைத் தொட்ட இடம் வட மினசோட்டாவில் உள்ள சோல்வெய் என்னும் சிற்றூர். அங்கே எதையும் மூன்று முறை கேட்பார்கள். இரண்டு முறை மறுக்க வேண்டும். மூன்றாவது முறை, "சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால..." என்று இழுத்தபடி வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் கேள்விக்கே கை நீட்டிய ஆளை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை.

போன ஜூலையில் பார்த்தது. ஒலிவ மலை லுத்தரன் சபைக்குப் புதிய போதகராக லெனோரா கீஸ்லிங் வந்து இறங்கினார், ஏழு வயது மகள் ஜோசியோடு. டெக்சஸ் கடற்கரைக்காரர். அந்தப் பக்கம் உப்பு டப்பாவிலேயே உப்பு கசிந்து கெட்டியாகும். ரொட்டி மூன்றாம் நாள் பச்சை பூத்துவிடும். "காபி குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் "குடுங்க" என்று சொல்லும் காட்டுப் பழக்கமும் அங்கேயே தொற்றியதுதான். சோல்வெய் மக்கள் பெருந்தன்மையோடு அதைப் பார்க்காததுபோல் இருந்தார்கள்.

அக்டோபரில் குளிர் இறங்கியது. நிலவறையில் இருந்த ஹீட்டர் உறுமிக்கொண்டு எழுந்து, போதகர் வீடு முழுக்கக் குழாய் வழியே சூடான காற்றை ஊதத் தொடங்கியது. சூடு என்றால் நல்ல சூடு. ஈரம் மட்டும் துளியும் இல்லை. மர மேசை விரிசல் விட்டது. கதவுப் பிடியைத் தொட்டால் சுளீர் என்று ஷாக் அடித்தது. ஆராதனை முடிந்து வாசலில் நின்று லெனோரா கைகுலுக்கினால் ஒவ்வொருவர் விரலிலும் பொறி பறந்தது. துள்ளி விழுந்தவர்கள்கூட, "நல்ல பிரசங்கம்" என்று சொல்லிவிட்டே துள்ளினார்கள்.

ஜோசிக்குத் தினமும் காலையில் மூக்கிலிருந்து ரத்தம். தலையணை உறையை மாற்றி மாற்றி லெனோராவுக்குக் கை ஓய்ந்தது. நவம்பர் முதல் ஞாயிறு, பிரசங்க மேடையில், வெள்ளை அங்கியின் மேல் அவருடைய மூக்கும் சொட்டியது. நூற்று இருபது பேரும் அந்த விநாடியே பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார்கள். ஒருத்தர்கூட நிமிரவில்லை. அப்படி ஒரு மரியாதை.

"இன்னிக்குப் பிரசங்கம் வித்தியாசமா இருந்துச்சு பாஸ்டரம்மா" என்றார் கட்டடக் குழுத் தலைவர் வெண்டல் ஹௌகன். சோல்வெயில் ஒருவர் வீடு பற்றி எரிந்தால்தான் ‘வித்தியாசம்’ என்ற சொல்லை வெளியே எடுப்பார்கள்.

கட்டடக் குழு என்பது மூன்று மாமனிதர்கள். ஓய்வு பெற்ற பள்ளி முதல்வர் வெண்டல். மினிட்ஸ் புத்தகம், காபிப் பானை இரண்டுக்கும் பொறுப்பான ஆர்டிஸ் நூட்சன். ஊரிலுள்ள ஹீட்டர்களை எல்லாம் மாட்டி, பழுது பார்க்கும் டுவைன் ட்வெட்டன். மாதத்துக்கு ஒரு செவ்வாய், தேவாலய நிலவறையில் கூடுவார்கள். போதகர் வீடு சபையின் சொத்து. அதில் ஓர் ஆணி அடிக்கவும் இவர்கள் தீர்மானம் வேண்டும்.

நவம்பர்க் கூட்டத்தில் வெண்டல் தொண்டையைக் கனைத்தார். "ஹீட்டரோட சேத்து மாட்டுற ஈரமூட்டின்னு ஒண்ணு இருக்கு. வீடு பூராவும் ஈரம் குடுக்குமாம். ஒருவேளை, பாஸ்டரம்மாவுக்கு அப்படி ஏதாச்சும்..."

"அப்பாடா! ரொம்ப நன்றிங்க!" என்றார் லெனோரா. "நாளைக்கே மாட்டிடலாமா?"

ஆர்டிஸின் பேனா அந்தரத்தில் நின்றது. டுவைன் தன் பூட்ஸின் நுனியை ஆராய்ந்தார். பிறகு வெண்டல் சிரித்தார். நிம்மதியாக எல்லோரும் சிரித்தார்கள். மினிட்ஸ் புத்தகத்தில் இப்படிப் பதிவானது: "போதகர் நகைச்சுவையாகப் பேசினார். பொருள் ஒத்திவைக்கப்பட்டது."

கூட்டம் முடிந்து கோப்பைகளைத் துடைக்கும்போது ஆர்டிஸ் குரலைத் தாழ்த்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. முத தடவையே சரின்னுட்டா, நீங்க ரொம்ப நாளா எதிர்பாத்துக்கிட்டு இருந்த மாதிரி ஆயிடும்."

"எதிர்பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்?"

"அது தெரியக் கூடாதுல்ல!"

"சரி, அப்ப இப்பவே இன்னும் ரெண்டு தடவை கேட்டுடச் சொல்லுங்களேன். மறுத்துட்டு வாங்கிக்கிறேன்."

"ஒரே கூட்டத்துல ரெண்டு தடவையா? அடக் கடவுளே, அது வற்புறுத்துற மாதிரி ஆயிடுமே!"

ஆக, உணவு மேசையில் அரை நிமிஷத்தில் முடிகிற சடங்கு, குழுவில் மூன்று மாதம் என்றாயிற்று.

நடுவில் லெனோரா ஒரு தவறு செய்தார். கடைக்குப் போய், மேசையில் வைக்கும் குட்டி ஈரமூட்டி ஒன்றைத் தானே வாங்கிவிட்டார். பேக்கிங் தட்டில் சூடான சாப்பாட்டோடு வந்த ஆர்டிஸ் அது நீர்ப்புகை விடுவதைப் பார்த்தார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமலே அன்று மாலைக்குள் செய்தி ஊர் முழுக்கப் போய்விட்டது. தங்களால் போதகருக்குச் செலவு வந்துவிட்டதே என்று வெண்டலுக்குச் சோறு இறங்கவில்லையாம். அவர் மனதைத் தேற்றுவதற்காக லெனோரா அந்தக் கருவியைப் பூட்ஸ் அலமாரிக்குள் ஒளித்தார். ராத்திரி மட்டும் ஜோசியின் கட்டிலருகே வைப்பார். ஹீட்டர் ஊதும் காற்றுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? பகல் முழுக்கச் சரியான ஈரப்பதத்தில் வாழும் பாக்கியம் அந்த வீட்டில் பூட்ஸ்களுக்கு மட்டுமே வாய்த்தது.

ஊரைக் குறை சொல்லாதீர்கள். நெஞ்சில் ஈரம் நிறைந்தவர்கள், காற்றில்தான் இல்லை. தினமும் விடிவதற்குள் யாரோ லெனோரா வீட்டு வாசல் பனியை வாரிவிட்டுப் போய்விடுவார்கள். யாரென்று கேட்டால் ஊரே வானத்தைப் பார்க்கும். ஜோசி பனிச்சறுக்குக் கற்றுக்கொண்டாள். அவளுக்கு இரண்டு தோழிகள் கிடைத்தார்கள். "நம்ம இங்கேயே இருந்துடலாம்மா" என்றாள், மூக்கில் பஞ்சோடு. லெனோராவுக்கும் அதே ஆசைதான். அதற்காகவே நாகரிகம் கற்றுக்கொள்ள முடிவு செய்தார்.

டிசம்பரில் கேட்டார்கள். மூக்கில் காகிதக் கைக்குட்டையை அழுத்திப் பிடித்தபடி, "எங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்றார். வெண்டலின் முகம் மலர்ந்தது. ஆர்டிஸ் அடிக்கோடிட்டு எழுதினார்: "முதல் மறுப்பு."

ஜனவரியில், வெளியே மைனஸ் முப்பதில், மறுபடி கேட்டார்கள். "வேண்டவே வேண்டாங்க. நீங்க கேட்டதே போதும்" என்றார் லெனோரா. தேர்ந்த உள்ளூர்க்காரர்கூட இவ்வளவு அழகாக மறுத்திருக்க மாட்டார். உற்சாகத்தில் குழு எந்த வகை வாங்குவது என்ற பெரும் ஆராய்ச்சியில் குதித்தது. ஹீட்டர் காற்றையே ஈரத்தட்டின் மேல் திருப்பி விடுவது ஒரு வகை. சொந்த விசிறி வைத்துக்கொண்டது ஒன்று. தண்ணீரைத் தானே கொதிக்கவைத்து ஆவி அனுப்புவது இன்னொன்று.

"எனக்கு விசிறி வகைதான் தோணுது" என்றார் வெண்டல். "ஆனா ஆர்டிஸ், உங்களுக்கு ஆவி வகை பிடிச்சிருந்தா அதுவே இருக்கட்டும்."

"எனக்கு ஆவி வகை பிடிக்கும்னு யார் சொன்னா? உங்களுக்குப் பிடிக்கும்னுல்ல நான் தலையாட்டினேன்!"

"நான் உங்களுக்காகத்தானே விசிறின்னேன்!"

"அப்ப ஈரத்தட்டு?"

"அது டுவைனுக்குப் பிடிக்கும்னு நினைச்சு விட்டுவச்சேன்."

மூன்று வகைகளும் ஒருமனதாக விட்டுக்கொடுக்கப்பட்டன. "டுவைன், நீங்கதான் தொழில் தெரிஞ்சவர். எது நல்லது?" என்று லெனோரா கெஞ்சினார்.

டுவைன் கூரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "எல்லாமே பரவால்லைங்க" என்றார்.

அந்த மாதக் கடைசியில் ஜோசிக்கு ஒரு மணி நேரம் ரத்தம் நிற்கவில்லை. பள்ளியிலிருந்து நேரே டுலூத் நகர மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூக்கின் உள்ளே ரத்தக் குழாயைச் சுட்டு அடைத்த மருத்துவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "ஒண்ணு வீட்டுக் காத்தை மாத்துங்க. இல்லேன்னா வீட்டை மாத்துங்க." டெக்சஸ் கடற்கரைச் சபை ஒன்று லெனோராவை அழைத்து எழுதிய கடிதம் ஏற்கெனவே மேசையில் கிடந்தது. பிப்ரவரி பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். குழுக் கூட்டம் பத்தாம் தேதி. ஐந்து நாள் இடைவெளி இருக்கிறதே என்று லெனோரா நெஞ்சில் கைவைத்துக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

பத்தாம் தேதி மாலை லெனோராவின் இரண்டு மூக்குத் துவாரங்களிலும் பஞ்சு. பக்கத்து நாற்காலியில் படம் வரைந்துகொண்டிருந்த ஜோசிக்கும் பஞ்சு. மனதுக்குள் "சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால" என்பதை நூறு முறை ஒத்திகை பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்தார் லெனோரா.

வெண்டல் இருவரையும் பார்த்தார். சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். "இன்னிக்கு வண்டி நிறுத்துற இடத்துக்கு மஞ்சள் கோடு போடுறதைப் பத்திப் பேசுவோம்" என்றார்.

மஞ்சள் கோடு நாற்பது நிமிஷம் ஓடியது. அடுத்து கழிப்பறைக் கதவின் கீல். அதற்கடுத்து நிறைவு ஜெபம் என்று வந்தபோது லெனோராவால் தாங்க முடியவில்லை.

"ஈரமூட்டி?"

"இந்த நிலைமைல அதை எடுத்தா, உங்க மூக்கைச் சுட்டிக்காட்டுற மாதிரி இருக்கும் பாஸ்டரம்மா" என்று முணுமுணுத்தார் வெண்டல். "நாங்க அவ்வளவு நாகரிகம் இல்லாதவங்க இல்லை."

"சுட்டிக்காட்டுங்க! நல்லாக் காட்டுங்க! என்னைக் கேளுங்களேன், மூணாவது தடவை! சரின்னு சொல்லத்தான் உக்காந்திருக்கேன்!"

ஆர்டிஸ் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, சொல்லிட்டீங்களே. நீங்களே கேட்டுட்டா முன்னாடி மறுத்ததெல்லாம் செல்லாதே. மார்ச்சுலேர்ந்து மறுபடி ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணணும்."

"எம் பொண்ணுக்கு ரத்தம் நிக்க மாட்டேங்குது, ஆர்டிஸ்!"

"தெரியுமே! ஊர்ல எல்லாரும் அதையே நினைச்சு நினைச்சுத் தூங்காம கிடக்கோம்" என்று சொல்லும்போது ஆர்டிஸின் கண்கள் உண்மையாகவே கலங்கின. பேனாவை எடுத்து, "எண்ணிக்கை மார்ச் முதல் புதிதாகத் தொடங்கும்" என்று எழுதினார்.

மறுநாள் காலை லெனோரா டெக்சஸ் சபைக்கு "வருகிறேன்" என்று எழுதினார். முதல் அழைப்பிலேயே. அன்று ராத்திரி ஜோசி சறுக்குக் காலணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

மார்ச் கடைசி ஞாயிறு பிரிவுபசாரம். ஊரே நிலவறையில் திரண்டிருந்தது. பன்னிரண்டு பேக்கிங் தட்டுகள், எல்லாவற்றிலும் உருளைக்கிழங்கு. நடுவே சிவப்பு ரிப்பன் கட்டிய பெரிய பெட்டி. வெண்டலும் டுவைனும் ரிப்பனை அவிழ்த்தார்கள். உள்ளே பளபளவென்று, ஆவி வகை, உயர்தரம், ‘போதகர் லெனோராவுக்கு அன்புடன்’ என்று பித்தளைத் தகடு அடித்த முழுவீட்டு ஈரமூட்டி.

"நாலே நிமிஷத்துல ஒருமனதா முடிவு பண்ணோம்" என்றார் வெண்டல். "குழு வரலாற்றுலேயே இவ்வளவு வேகமா எதையும் முடிச்சதில்லை."

லெனோரா பெட்டியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். "நான் போற ஊர்ல சுவத்துலேயே தண்ணி வடியுமேங்க."

"தெரியும். அதனாலதான் எங்களுக்குச் சுளுவா இருந்துச்சு. தேவைப்படுற ஆளுக்குக் குடுத்தா அவங்களுக்கு ஒரு மாதிரி கூச்சமா இருக்கும்ல? இப்ப யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை."

"அப்ப இதை இங்கேயே, அடுத்த போதகருக்கு மாட்டி வைங்க. அவருக்கும் மூக்குன்னு ஒண்ணு இருக்கும்."

வெண்டல் பதறிப்போனார். "ஐயையோ, அவரைக் கேக்காமலா!"

ஆகவே பெட்டி காருக்கு வந்தது. டுவைன் அதைத் தூக்கிப் பின்பக்கம் வைக்கும்போது, அட்டையின் மூலைகள் நைந்து கிழிந்திருப்பதையும் அடியில் கிரீஸ் அப்பியிருப்பதையும் லெனோரா கவனித்தார்.

"புதுசு இல்லையா, டுவைன்?"

"புதுசுதாங்க. நவம்பர்லேர்ந்து என் வேன்லயே கிடந்துச்சு. அதான் பெட்டி இப்படி."

"நவம்பர்லேர்ந்தா?" லெனோரா கிழிந்த மூலையைத் தடவினார். "மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டு மணி நேரம்."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல?"

"தொழில் தெரிஞ்சவன் நானே எந்திரிச்சு, ‘நான் மாட்டுறேன்’னா பெருமை அடிச்சுக்கிட்ட மாதிரி இருக்காதா? மத்தவங்க மனசு என்ன பாடுபடும்?"

காருக்குள் ஜோசி ஜன்னலில் முகத்தைப் பதித்து, தன் தோழிகளுக்குக் கையாட்டி அழுதுகொண்டிருந்தாள். அழுததில் மூக்கு மறுபடி திறந்துகொண்டு, கண்ணாடியில் சிவப்பாகத் தீற்றியது. டுவைன் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அஞ்சு மாசம், டுவைன்" என்றார் லெனோரா. "யார் மனசும் நோகக் கூடாதுன்னு அஞ்சு மாசம் எம் பொண்ணை ரத்தம் சிந்த விட்டீங்க."

டுவைன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு தன் ஊரைப் பற்றி ஒருவர் சரியாகப் புரிந்துகொண்ட நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது.

"ஆமாங்க பாஸ்டரம்மா" என்றார். "யார் மனசும் நோகல."