என் கை கெடுத்த கானா

விதி எழுதுகிறவன் பாட்டுக் கேட்கக் கூடாது. முப்பத்தாறு வருடம் துறைமுகத்தில் கப்பல்களுக்கு இடம் ஒதுக்கும் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வுபெற்ற பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

போன வருடம் ராயபுரத்தில் எங்கள் தெரு விழாவில் பாட இரண்டு கானாக் குழுக்களுக்குள் போட்டி. நின்ற இடத்திலேயே வரி கட்டி, தாளம் மாற்றி வாசிக்க வேண்டும். ஜெயிப்பவர்களுக்கே விழா மேடை. நடுவர் நான். இரண்டாவது குழுவில் கீபோர்டு வாசிப்பவன் என் மகன் அன்பு என்பதை விழாக் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலில் கையொப்பமும் வாங்கிக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை.) எட்டு விதிகளும் எழுதினேன். ஏழாவது: குழு கொடுத்த பட்டியலில் பெயரில்லாத ஆள் சேர்ந்து வாசித்தால் அந்தக் குழு வெளியே. நேரம் முடிந்ததும் தட்டுவதற்கு ஒரு மேசை மணி.

முதல் குழு என் மனசுக்கேற்ற குழு. வெளிக்கடலில் முறைக்குக் காத்திருக்கும் கப்பல்களைப் போல, ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் தொடங்கினார். எண்பது மதிப்பெண் போட்டேன்.

அன்புவின் குழுவில் யாரும் யாருக்கும் காத்திருக்கவில்லை. பாடகி ஸ்டெல்லா டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்ற கதையைத் தொடங்கி, எப்படியோ நடுக்கடலுக்குப் போய்விட்டாள். டோலக் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம், திசைக்கொன்றாகக் கலையும் விசைப்படகுகள். இனி திரும்பாது என்று நினைத்தபோது, எல்லாம் ஒரே அலையில் கரைக்கு வந்தன. மறுபடி போயின. சாயங்கால வெயில் பந்தலுக்குள் மஞ்சளாக இறங்கியது. கண்ணை மூடினேன். நாற்காலியே மிதந்தது. தூரத்தில் எங்கோ ஒரு மணி, தாளம் தப்பாமல். அன்பு அதற்குக் கீபோர்டில் பதில் சொன்னான். மணி மறுபடி கேட்டது. அவன் மறுபடி சொன்னான். (அடிப்பவருக்குத் தனிப் பரிசு தரலாமா என்றுகூட யோசித்தேன்.)

கண் திறந்தேன். என் உள்ளங்கை மேசை மணியின்மேல்.

முதல் குழுவின் டோலக்காரர் நிதானமாக எழுந்தார். "சார், ஏழாவது ரூல் இன்னா சொல்லுது, கொஞ்சம் படிங்கோ."

படித்தேன். எட்டாவதையும் படித்தேன்: மேல்முறையீடு கிடையாது.

அன்பு கீபோர்டை உறைக்குள் வைத்தான். "இத்தினி வருசத்துல ஒரு தபா நான் வாசிச்சு நீ கேட்டதில்ல நைனா. இன்னிக்குதான் கேட்ட. கேட்டு, வெளிய தள்ளிட்ட."

"வுடு அன்பு," என்றாள் ஸ்டெல்லா. "உன்னவிட உங்க நைனாதான் தாளத்துல கீறாரு."

வீட்டில் இப்போதும் நான் விதி பேச ஆரம்பித்தால், என் மனைவி அந்த மணியை ஒரு தட்டுத் தட்டுகிறாள். இந்த வருடப் போட்டிக்கு அன்பு கொடுத்த பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. ஏழாவது விதிக்கு முன்னெச்சரிக்கையாம். நடுவர் பதவியை முறைப்படி, எழுத்து மூலம் ராஜினாமா செய்துவிட்டேன்.