வட்ட ஜன்னலும் ஒரு மனுவும்

எங்கள் வீட்டில் ஒரு அநியாயம் நடக்கவிருந்தது. அப்பாவின் காருக்கு நிழல் வேண்டுமாம். அதற்காக அம்மாவின் தையல் அறையை இடித்து ஷெட் போடுவாராம். தெருவைப் பார்த்த அறை அது. வட்ட ஜன்னல். கண்ணாடி போடாமலே ஊசியில் நூல் கோக்கலாம், அவ்வளவு வெளிச்சம். பத்தொன்பது வருஷமாக அம்மாவின் மெஷின் அங்கேதான் ஓடுகிறது.

மூன்று நாள் வாதாடினேன். உழைப்பு, உரிமை, பெண்களுக்கென்று ஒரு இடம் என்று பல்கலைக்கழகத்தில் படித்ததையெல்லாம் இறக்கினேன்.

"முடிச்சிட்டியா?" என்றார் அப்பா. "மழை விட்டதும் கொத்தனார் வர்றார்."

அம்மா பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் நூல். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் அப்பாவுக்கு வேறு தலைவலி. எங்கள் வீடும் பல் டாக்டர் வீடும் நடுவில் ஒரே சுவரோடு ஒட்டிப் பிறந்தவை. டாக்டர் மாடி கட்டப்போகிறாராம். கட்டினால் அப்பாவின் சாய்வு நாற்காலிக்குக் காற்று கிடையாது.

"தொண்ணூறு வருஷக் கட்டடத்து மேல மாடியா? அவர் வீட்டைப் பாரம்பரியச் சின்னமா அறிவிக்கச் சொல்லி மனு போடறேன். அப்புறம் ஒரு ஆணி அடிக்கட்டும், பார்க்கலாம்."

"நம்ம வீட்டை நீங்க இடிக்கலாம், அவர் வீட்டை அவர் தொடக்கூடாதா? என்னப்பா நியாயம் இது?"

"நியாயம் இல்லம்மா. சட்டம்."

அப்பாவின் எழுத்து, மையில் விழுந்த எறும்பு தப்பித்து ஓடிய தடம். அதனால் கல்யாணமான நாளிலிருந்து அவர் மனுக்களை அம்மாதான் திருத்தமாகப் படி எடுப்பாள். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். படிக்கமாட்டார். தான் எழுதியதைத் தானே எதற்குப் படிப்பது?

"நீயுமாம்மா இதுக்கு உடந்தை?"

அம்மா அளவு நாடாவை என்னிடம் நீட்டினாள். "அந்த ஜன்னலை அளந்து சொல்லு."

"இது நம்ம ஜன்னல்."

"டாக்டர் வீட்டு ஜன்னலும் இதே அளவுதான். சொல்லு."

அப்பா ஆபீசில் இருந்த ஒருநாள் பாரம்பரியச் சின்னக் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த மாதமே டாக்டர் வாசலில் பித்தளைத் தகடு ஏறியது. அப்பா லீவு போட்டு வேடிக்கை பார்த்தார்.

"என்ன டாக்டர், மாடி எந்த அளவுல இருக்கு?"

டாக்டர் பல்லைக் கடித்தார். அது கூடாது என்று எல்லோருக்கும் சொல்பவர் அவர்.

தகடு அடித்த ஊழியர் ஏணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

"இங்க எதுக்குங்க?" என்றார் அப்பா.

"ரெண்டாவது தகடு சார். உங்க மனுதானே?" காகிதத்தைப் பிரித்துப் படித்தார். "'ஒரே சுவரைப் பகிரும் இரு வீடுகளையும், குறிப்பாக என் வீட்டின் தையல் அறையையும் அதன் வட்ட ஜன்னலையும் காத்துத் தருமாறு வேண்டுகிறேன்.' சொந்த வீட்டையே சேர்த்துக் கொடுக்க எத்தனை பேருக்கு சார் மனசு வரும்?"

டாக்டருக்கு முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

நான் மூன்று நாள் பேசி நகராத விஷயம். அம்மா ஒரே வரியில் முடித்திருந்தாள். என்னிடம்கூடச் சொல்லாமல். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்பா தையல் அறை வாசலில் போய் நின்றார். "அப்பீல் போடறேன். இன்னிக்கே."

மெஷின் நிற்கவில்லை.

"எழுதி வைங்க," என்றாள் அம்மா. "நல்லாப் படி எடுத்துத் தர்றேன்."