இளஞ்செழியன் கற்ற முந்நூறு சொற்கள்

ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் இளஞ்செழியன் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது, அவருடைய சட்டைப்பையிலிருந்து ஒரு பெண்குரல், "எக்ஸலன்ட்! யூ ஹேவ் லேர்ன்ட் டென் நியூ வேர்ட்ஸ்!" என்று பாராட்டியது.

வகுப்பே அவர் பையைப் பார்த்தது. வேறு வாத்தியாரின் பையாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இளஞ்செழியனோ வலங்கைமான் வட்டாரத்திலேயே தனித்தமிழுக்குப் பேர்போன தமிழாசிரியர். அவர் வகுப்பில் 'பேனா' என்று சொன்னவர் 'எழுதுகோல்' என்று நூறு தடவை எழுத வேண்டும். விக்கலுக்கு நடுவே 'சாரி' சொன்ன ஷிஃபாவுக்குக்கூட விலக்கு கிடைத்ததில்லை.

ஷிஃபா எழுந்து நின்றாள். முகத்தில் கிண்டல் துளியும் இல்லை.

"ஐயா, அந்தம்மா சொன்னதுல ஏழு வார்த்தை. எழுநூறு தடவை யாருங்கய்யா எழுதணும்?"

அவருக்குக் காது மடல் சுட்டது. "அது எங்க வீட்டம்மா செல்பேசி. மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார்.

பொய். சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனன், அங்கே ஒரு தமிழ் வகுப்பு நிலையத்துக்கு ஆசிரியர் தேவை என்று பார்த்து, இவர் பேரில் தானே இணையத்தில் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பியிருந்தான். பேட்டிக்கு அழைப்பும் வந்துவிட்டது. பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியிடத்தில் காலம் தள்ளியவருக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் அழைப்பு ஆங்கிலத்தில் இருந்தது. நான்கு தடவை படித்தும் தேதியும் நேரமும்தான் பிடிபட்டன. பேட்டியும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, அன்றே ஆங்கிலச் சொற்கள் சொல்லித்தரும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டார். மனைவி மேகலாவிடம் பேட்டியைப் பற்றிச் சொன்னார். செயலியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. மேடைக்கு மேடை தனித்தமிழ் பேசியவர் திருட்டுத்தனமாக இங்கிலீஷ் படிக்கிறார் என்று வெளியே தெரிந்தால் எந்த முகத்தோடு வகுப்புக்குள் நுழைவது?

அவர் சொன்ன பொய் மறுநாளே கடைத்தெருவுக்குப் போய்விட்டது. அறிவியல் ஆசிரியை நஜ்மா கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த மேகலாவைப் பிடித்து, இந்த வயதில் இங்கிலீஷ் படிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நாலு பேர் கேட்கப் புகழ்ந்து, பள்ளி ஆண்டு விழாவில் இங்கிலீஷில் நன்றியுரை சொல்ல அவள் பேரைக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னாள். மேகலா பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தாள்.

"ஏங்க, நான் எப்பங்க இங்கிலீஷ் படிச்சேன்?"

ஆள் மாறிப்போய்ப் புரளி கிளம்பியிருக்கும் என்று சமாளித்தார். அவள் நம்பவில்லை. அவள் பார்த்த பார்வையில் அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இனி வீட்டிலும் வேண்டாம், பள்ளியிலும் வேண்டாம் என்று குடமுருட்டி ஆற்றங்கரையோரமாக நடந்து, ஒரு வரப்பில் போய் உட்கார்ந்தார். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, செயலி சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அது ஒப்புக்கொள்ளும் வரை உரக்கத் திருப்பிச் சொன்னார். "மெட்டிகுலஸ்... மெட்டிகுலஸ்..." என்று அவர் வெற்று வயலைப் பார்த்துக் கத்தியதைச் சம்பா நடவுக்கு வந்திருந்த பெண்கள் இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவர்களில் ஒருத்தியான ரெங்கம்மாள் சேற்றுக் காலோடு கரையேறி வந்து கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாதீங்க சாரு. நீங்க தெளிஞ்சதும் வர்ற பங்குனியில பாடைக்காவடி எடுக்க வைக்கிறேன்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன்."

பிழைத்தெழுந்தவரைப் பிணம்போலப் பாடையில் கட்டித் தூக்கிவரும் வேண்டுதல் அது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். இங்கிலீஷ் படிக்கிறார் என்ற பேருக்குப் பைத்தியம் என்ற பேர் பரவாயில்லை என்று தோன்றவே, அவர் தலையை ஆட்டி வைத்தார்.

செய்தி தலைமையாசிரியர் நாகநாதனுக்குப் போனது. அவர் தம் அறைக் கதவைச் சாத்திவிட்டு, மிக மெல்லிய குரலில், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வாரம் விடுப்புக் கொடுத்தார். இளஞ்செழியன் அதையும் வாங்கிக்கொண்டார். அந்த ஒரு வாரத்தில் கணக்கு முந்நூறு சொல்லைத் தொட்டது.

பேட்டி நாளன்று மேகலா செல்பேசியை ரவை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். திரையில் மூன்று பேர் இருந்தார்கள். நிலையத்தின் தலைவி வள்ளியம்மை கைகூப்பி, "வணக்கம் ஐயா. தமிழ் சொல்லிக்கொடுக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு, சொல்லுங்க" என்றார்.

நெஞ்சில் பதில் திரண்டு வந்தது. பதினோரு வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் காத்திருந்த கேள்வி அது. ஆனால் தமிழில் கேட்டுத் தன்னை ஆழம் பார்க்கிறார்கள் என்று நினைத்து, வந்த பதிலை விழுங்கினார். "குட் ஈவினிங் மேடம். ஐ ஆம் மெட்டிகுலஸ். ஐ ஆம் வெரி என்தூசியாஸ்டிக்" என்று தொடங்கினார்.

வள்ளியம்மையின் முகம் வாடியது. சொல் போதவில்லை போலும் என்று இன்னும் நாற்பது சொற்களை எடுத்துவிட்டார். அவர்கள் மறுபடி மறுபடி தமிழில் கேட்க, இவர் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். அடுப்படி வாசலில் மேகலா கரண்டியும் கையுமாக நிற்பது கண்ணில் பட்டது. கடைத்தெருவில் நஜ்மா புகழ்ந்த இங்கிலீஷ் யாருடையது என்று அவளுக்கு இப்போது புரிந்திருக்கும். அவரால் அவள் பக்கம் திரும்ப முடியவில்லை.

மறுநாள் நிலையத்து அலுவலகத்திலிருந்து நஃபீசா என்ற பெண் அழைத்தாள். வேறொருவரைப் பார்த்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டார்களாம். வருத்தம் தெரிவிக்கச் சொன்னார்களாம். 

"பரவால்லம்மா. என் இங்கிலீஷ்ல எந்த எடத்துல தப்பு வந்துச்சு? அதை மட்டும் சொல்லிடுங்க."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பே இல்லைங்க ஐயா. வாத்தியாருக்கு இங்கிலீஷ் தெரிஞ்சுட்டா இங்க பிள்ளைங்க தமிழ்ல வாயே திறக்க மாட்டேங்குதுங்க. வந்த நூத்திப்பத்து விண்ணப்பத்துல 'ஆங்கிலம் அறவே தெரியாது'ன்னு இருந்தது உங்களோடது ஒண்ணுதான், அதனாலதான் உங்களைக் கூப்பிட்டதே."