பெயின்ட் அடித்த டிராக்டர்

டிராக்டரைப் பற்றி அதிகம் பேசுகிறவன், அதை ஒருநாளும் ஓட்டாதவனாகத்தான் இருப்பான். உதாரணம், ஸ்ரீரங்கத்தில் ஃபிளாட்டில் குடியிருக்கும் நான். அதில் எந்தப் பக்கம் ஏறுவது என்பதே எனக்குத் தெரியாது.

லால்குடி பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமனார், வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் பழைய நீல டிராக்டரை விற்றுவிட்டுப் புதிது எடுக்க நினைத்தார். "மாப்பிள்ளை, போன்ல போட்டு வித்துக் குடுங்க" என்றார். போதாதா? ஆபீஸ் வேலையை ஓரம்கட்டிவிட்டு விளம்பரங்களையே மேய்ந்தேன். சில கம்பெனி வண்டிகள் புது டயர், அவசர விற்பனை, விலை குறைப்பு என்று மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டு கிடந்தன. மாமனாருடைய அதே கம்பெனி நீல வண்டியோ காலையில் போட்டால் சாயங்காலம் காணோம். விற்பவர்களும் மனசில்லாமல்தான் விற்றார்கள். 'அப்பா ஓட்டிய வண்டி, பேரம் பேசுபவர் வர வேண்டாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அந்தக் கம்பெனி மேல் பக்தியே வந்துவிட்டது.

இப்பேர்ப்பட்ட வண்டியை அழுக்காகவா காட்டுவது? (புத்தி போகிற போக்கைப் பாருங்கள்.) சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்து பெயின்டரை அழைத்துப்போய், பளபளவென்று அடிக்க வைத்து, போட்டோ எடுத்துப் போட்டேன். மாமனாருக்கும் ஒரே பூரிப்பு.

முசிறியிலிருந்து ஒருவர் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"வண்டி எங்கங்க கவுந்துச்சு?"

"கவுழவே இல்லைங்க. சும்மா அழகுக்கு அடிச்சோம்" என்றேன்.

"நல்ல கம்பெனி வண்டிங்க. நல்ல பொண்ணுக்கு எதுக்குங்க இவ்வளவு பவுடரு?" என்று கிளம்பிவிட்டார். பழைய வண்டியில் புது பெயின்ட் என்றால் விபத்தை மறைக்கிறார்கள் என்று அர்த்தமாம். அப்புறம் வந்தவர்களும் அதையே கேட்டுவிட்டுப் போனார்கள்.

தண்ணீர் வந்துவிட்டது. மாமனார் அதே வண்டியைச் சேற்றில் இறக்கினார். அடித்த பெயின்ட் போச்சே என்று எனக்கு உயிரே போயிற்று. வண்டி மட்டும் கொஞ்சமும் திணறாமல் வயல் முழுக்க உழுது முடித்தது. அந்த வழியாகப் போன முசிறிக்காரர் வரப்பில் நின்று, சேறு அப்பிய வண்டியை வாய் பிளந்து பார்த்தார்.

"இப்ப குடுக்கிறீங்களா?"

"இனிமே இதை யாருக்குங்க குடுப்பேன்" என்றார் மாமனார். புது வண்டிப் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

மாட்டுப் பொங்கல் அன்று அந்த டிராக்டரைக் குளிப்பாட்டி, மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். நான் வாளியைத் தொட்டால் போதும், மாமியார் அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிடுவார். "மாப்பிள்ளை, நீங்க சாப்பிட்டுட்டுப் படுங்க. வண்டிகிட்ட மட்டும் போகாதீங்க."