கே.கே.பட்டியிலிருந்து ஒரு குறை

ஆளைக் கண்ணால் பார்க்காமலேயே ஒரு மனிதரை முழுசாக வெறுக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும் என்று நான் சத்தியம் செய்வேன். நான் வெறுத்திருக்கிறேன். அவர் முகம் எனக்குத் தெரியாது, பெயர் தெரியாது, வயது தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும். அது போனில் வந்தாலே காலையில் சாப்பிட்ட இட்லி நெஞ்சில் நின்றுவிடும்.

ஆபீசில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கே.கே.பட்டி. காமயகவுண்டன்பட்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சுருக்கிச் சொல்வோம். அந்த ஊரில் எத்தனையோ ஆயிரம் ஜனங்கள் திராட்சை போட்டு, நெல் போட்டு, யார் வம்புக்கும் போகாமல் பிழைக்கிறார்கள். இந்த ஒரு மனிதரால் அத்தனை பேருடைய ஊர்ப்பெயரும் எங்களிடம் கெட்டுப்போனது.

ஆபீஸ் என்றது கம்பத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த லோக்கல் கேபிள் சேனலை. சென்னைக்காரர்கள் எல்லாம் காலையில் நிகழ்ச்சி போடுகிறார்களே, நாமும் போட்டால் என்ன என்று முதலாளிக்கு ஒருநாள் தோன்றிவிட்டது. ‘பொழுது விடிஞ்சாச்சு’ என்று பெயர் வைத்தார். அவர் வீட்டில் கழித்துப் போட்ட சோபா, ஒரு ஜாடியில் பிளாஸ்டிக் சூரியகாந்தி, ஒரு கேமரா. அந்தக் கேமராவைப் பிடிக்க, லைட் போட, வருகிற போனை எடுக்க எல்லாவற்றுக்கும் சேர்த்து பாண்டி என்று ஒரே ஆள். சோபாவில் உட்கார்ந்து சிரிப்பதற்கு நான்.

கட்டினவனோடு ஒத்துவராமல் நான் பிறந்த வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்த சமயம் அது. தெருக் குழாய்க்குப் போனால் ‘வாழாவெட்டி’ என்ற வார்த்தை என் காதில் விழுகிற அளவுக்குச் சத்தமாகவும், நான் திரும்பிக் கேட்க முடியாத அளவுக்கு மெதுவாகவும் வரும். அந்த அளவு எங்கள் தெருக்காரர்களுக்கு அத்துப்படி. நிகழ்ச்சி தொடங்கிய வாரமே அதே வாய்கள் என்னை ‘டி.வி. பிள்ளை’ என்று கூப்பிட ஆரம்பித்தன. அந்த ஒரு பெயருக்காக நான் எந்த உடைந்த சோபாவிலும் உட்காரத் தயாராக இருந்தேன். முதலாளியோ, உன்னை வைப்பதா எடுப்பதா என்பது நேயர் கருத்தைப் பொறுத்தது என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

நம் ஜனங்கள் கருத்துச் சொல்கிற அழகு தெரியாதா? கல்யாண வீட்டில் சாம்பார் ஊசிப்போயிருந்தாலும், வாசலில் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பெற்றவரிடம் சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிவிட்டுத்தானே வருகிறோம். டி.வி.க்கும் அந்த மரியாதைதான். சின்னமனூர் மகேஸ்வரி என்று ஒருவர் தினமும் போன் போடுவார். நிகழ்ச்சி சூப்பர், உங்க சேலை சூப்பர், எங்க வீட்டில் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிவிடுங்கள் என்பார். அவருக்கு அடுத்து வருகிறவர்கள் ஊரையும் உறவையும் மட்டும் மாற்றிக்கொண்டு அதையே ஒப்பிப்பார்கள். எனக்கு அது போதும். நான் என்ன பட்டிமன்றமா நடத்தினேன்?

முதல் நாள் எல்லோரும் சூப்பர் சொல்லி முடித்த பிறகு அந்தக் குரல் வந்தது. அய்யா பேர் என்ன என்று கேட்டேன்.

“பேரு எதுக்கு ஆத்தா? கருத்துத்தான கேட்டீக. கே.கே.பட்டியில இருந்துன்னு போட்டுக்கங்க.”

போட்டுக்கொண்டோம். இட்லிக்குத் தொட்டுக்க என்ன அரைப்பது என்று வீட்டுக்கு வீடு முழித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் மட்டன் பிரியாணி செய்து காட்டினால் பார்க்கிறவன் வயிறு எரியாதா என்று கேட்டார். போனை வைக்கும்போது, அந்தச் சூரியகாந்தியில் விலைச் சீட்டு தொங்குகிறது, கிழித்துவிடுங்கள் என்றார். பாண்டி ஓடிப்போய்ப் பார்த்தார். தொங்கியது.

அடுத்த வாரம் மழைச் செய்தி. குமுளி மலையில் இன்று கனமழை, ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் குடையோடு போங்கள் என்று கையை ஆட்டிச் சொன்னேன். கே.கே.பட்டி வந்தார். தோட்டத்துக்குப் போகிற ஜனம் இருட்டோடு ஜீப் ஏறி, இந்நேரம் மேலே காய் பறித்துக்கொண்டிருக்கும், குடையை யாருக்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். கம்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். எழுதிக் கொடுத்த முதலாளிக்கும் தெரியும். ஊருக்கே தெரிந்த விஷயத்தை ஊர் கேட்கச் சொன்னால் கோபம் வராதா?

அதைவிடக் கொடுமை, அவர் என் சிரிப்பைப் பிடித்துக்கொண்டது. எது வந்தாலும் சிரித்த முகமாகச் சொல்லு என்பது முதலாளியின் உத்தரவு. ஆண்டிபட்டி பக்கம் லாரி மோதி ஒருவர் செத்துப்போன செய்தியையும் நான் அப்படியே வாசித்துத் தொலைத்தேன். அன்றைக்கும் மகேஸ்வரிக்கு நிகழ்ச்சி சூப்பர்தான். கே.கே.பட்டி மட்டும், “எழவு சொல்றப்பவும் பல்லைக் காட்டுறீகளே ஆத்தா, சிரிப்பு சரியில்லை” என்றார். அன்றிலிருந்து தினமும் முடிக்கும்போது சிரிப்பு சரியில்லை என்று ஒரு வரி சொல்லாமல் போனை வைக்க மாட்டார். கண்ணாடி முன்னால் நின்று எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன், இத்தனை குறை இருந்தால் வேறு சேனல் பார்க்கலாமே அய்யா என்று. கொஞ்சம்கூடக் கோபப்படவில்லை. “பாக்கலாம். அங்கன போன் போட்டா எடுக்க மாட்டேங்கிறாகளே” என்றார்.

மைக் வேலை செய்யாத கதையைச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. ஒருநாள் வயர் கழன்று, நான் பேசிய ஒரு வார்த்தையும் வெளியே போகவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் போன்கள் வந்தன. மகேஸ்வரி, அக்கா இன்றைக்கு நீங்கள் பேசினது ரொம்ப அருமை என்றார். உத்தமபாளையத்தில் இருந்து ஒருவர், நீங்கள் சொன்ன சமையல் குறிப்பை எழுதி வைத்துக்கொண்டேன் என்றார். எதை எழுதினாரோ, அந்தப் புண்ணியவானுக்கே வெளிச்சம். பிறகு கே.கே.பட்டி வந்து, இவ்வளவு நேரமும் ஊமைப்படம் ஓடியது என்று சொன்னார். பாண்டி தலையில் அடித்துக்கொண்டு வயரைத் தேடினார். “ஆனா ஒண்ணு ஆத்தா, இன்னைக்குத்தான் நிகழ்ச்சி நல்லாருந்துச்சு” என்றார் கே.கே.பட்டி. அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். ஒருநாள் கட்டினவன் வீட்டிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்து, அழுது முடித்து, மறுநாள் காலையில் முகத்துக்குப் பவுடரை அப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பக்கத்திலேயே நின்ற பாண்டிக்குத் தெரியவில்லை. முதலாளிக்கும் தெரியவில்லை. இந்த மனிதர் போன் போட்டு, கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்க, “கண்ணு வீங்கியிருக்கே ஆத்தா, அழுதீகளா?” என்றார். அன்று சாயங்காலம் தெருவில் எல்லோரும் என் கண்ணையே உற்றுப் பார்த்தார்கள். இவர் நாசமாய்ப் போக என்று வாய்விட்டுத் திட்டினேன்.

அப்புறம் முதலாளியின் கொழுந்தியாள் மகள் மதுரையில் ஏதோ படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்தாள். அவர் என்னைக் கூப்பிட்டு, நேயர்கள் மாற்றம் கேட்கிறார்கள் என்றார். எந்த நேயர் என்று கேட்டேன். கே.கே.பட்டிதான், தினமும் உன் சிரிப்பு சரியில்லை என்கிறாரே என்றார். மற்ற எல்லோரும் சூப்பர் என்கிறார்களே என்றேன்.

“அது சும்மா சொல்றது. குறை சொல்றவக பேச்சைத்தானம்மா நாம காது குடுத்துக் கேக்கணும்” என்றார்.

முதலாளி வாழ்நாளில் சொன்ன ஒரே நியாயமான வார்த்தை, என்னை வெளியே அனுப்புவதற்குப் பயன்பட்டது. அத்தனை நாளும் பிரியாணியையும் குடையையும் பற்றிக் கே.கே.பட்டி சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. என் சிரிப்பு மட்டும் ஏறிவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் தெருக் குழாயடியில் பழைய பெயர் எனக்காகக் காத்திருந்தது.

மறுநாள் காலையில் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அம்மா போட்டுவிட்டார். என் சோபாவில் அந்தப் பெண் சுடிதார் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகேஸ்வரி போன் போட்டார். “அக்கா, எப்பவும் போல சூப்பர். உங்க சேலை நல்லாருக்கு” என்றார். அந்தப் பெண் குனிந்து தன் சுடிதாரைப் பார்த்துவிட்டு நன்றி சொன்னாள். அடுத்து வந்தவரும் எப்பவும் போல சூப்பர் என்றார். அதற்கடுத்தவரும் அப்படியே. நான் அங்கே உட்கார்ந்திருந்ததற்கும் உட்காராததற்கும் யாருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை.

அப்போது அந்தக் குரல் வந்தது.

“அந்தப் பிள்ளை எங்கன?”

எந்தப் பிள்ளை சார் என்றாள் அவள்.

“இங்கன உக்காந்திருக்குமே. சிரிக்கத் தெரியாத பிள்ளை.”

அவர் லீவு என்று சமாளித்தாள்.

“லீவா? நேத்துச் சொல்லிட்டுப் போகலையே. உடம்புக்கு என்ன?”

பாண்டி லைனைத் துண்டித்துவிட்டார். அம்மா திரும்பி என்னைப் பார்த்து, உன்னைத்தான்டி கேட்கிறார்கள் என்றார்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். பிரியாணி, மழை, விலைச் சீட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டார், அந்தப் பிள்ளை எங்கன என்ற ஒன்றே ஒன்றுதான். அவர் நம்பரைத் தடுத்தால் டீக்கடைக்காரர் போனில் வந்தார், அதைத் தடுத்தால் வீட்டம்மா போனில் வந்தார் என்று பாண்டி பிறகு சொன்னார். கடைசியில் நேயர் கருத்தையே நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாளில் நிகழ்ச்சியும் நின்றது. அதை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டு மகேஸ்வரி போன் போட்டதாகத் தகவல் இல்லை.

கட்டினவன் என்னைக் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டது எல்லாம், எப்போது திரும்பிப் போகிறாய் என்றுதான். உடம்புக்கு என்ன என்று கேட்டது அந்த ஒரு மனிதர்.

இப்போது பழனிசெட்டிபட்டியில் ஒரு அச்சகத்தில் வேலை, வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுத்து. போன மாசம் டவுன் பஸ் ஏறி கே.கே.பட்டிக்கே போனேன். டீக்கடையில் நின்று, டி.வி.க்குப் போன் போட்டு எதற்கெடுத்தாலும் குறை சொல்வாரே ஒருவர், அவர் வீடு எது என்று விசாரித்தேன். டீ ஆற்றியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“குறை சொல்ற ஆளா? இங்கன யாரைன்னு தாயி காட்டுறது?” என்றார்.

ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்த டீயில் சர்க்கரை கம்மி. அதைக்கூடச் சொல்லாமல், டீ நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இந்தப் பத்திரிகை அந்த ஊர் சலூனுக்கும் போகிறதாம். கே.கே.பட்டி அய்யா, முடிவெட்டக் காத்திருக்கும்போது புரட்டுவீர்கள், இதிலும் நாலு குறை கண்டுபிடிப்பீர்கள். கண்டுபிடியுங்கள். ஆனால் அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லாமல் லைனைத் துண்டித்துவிட்டார்கள் அய்யா. சிரிப்பு இன்னும் சரியில்லைதான். உடம்பு நல்லாத்தான் இருக்கு.