கன்னியப்பன் வீட்டுப் பிரசவம்

காலையில் கேட்டைப் பூட்டியதிலிருந்து நாய் ஓரிடத்தில் நிற்கவில்லை. முருங்கை மரத்தைச் சுற்றுவதும், கேட்டைப் பிராண்டுவதும், அடியில் மூக்கை வைத்து முனகுவதுமாக இருந்தது.

"வலி கண்டுடுச்சு," என்றான் கன்னியப்பன்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில், கட்டிங் பிரிவில், அவனுக்கு இருபது வருஷ சர்வீஸ். தோலைத் தடவியே ஆடா மாடா என்று சொல்லிவிடுவான். நாலு நாளாக வந்து சோறு தின்றுவிட்டுப் போகும் இந்தத் தெருநாயின் தொங்கிய வயிற்றையும் பால் கட்டிய காம்புகளையும் பார்த்ததுமே நிறைமாசம் என்று தீர்மானித்துவிட்டான். ஹைவே ஓரம் எங்காவது குட்டி போட்டு லாரியில் அடிபட்டுவிடுமோ என்று பயம். சூப்பர்வைசரிடம், "வீட்ல பிரசவம் சார்," என்று சொல்லி ஒரு நாள் லீவும் வாங்கிவிட்டான். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை; இவனும் சொல்லவில்லை.

"பிரசவத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?" என்றாள் மனைவி சம்பூர்ணம். "மோகனா பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்ல மயக்கம் போட்டு விழுந்த ஆளுதானே நீ?"

அவன் காதில் வாங்கவில்லை. அட்டைப்பெட்டியில் ஃபோம் துண்டுகளைப் பரப்பி, மேலே அவளுடைய பழைய நைட்டியை விரித்தான். அது பழையதல்ல என்பது பிறகுதான் தெரிந்தது. நாய் பெட்டியை மோந்துகூடப் பார்க்காமல் கேட்டடியில் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது.

மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டருக்கு போன் போட்டான்.

"மண்ணத் தோண்டுதா? அப்ப நேரம் நெருங்கிடுச்சு. வெளிய உட்டுடாதீங்க."

பள்ளத்தில் அம்மிக்கல்லை உருட்டி வைத்தான். நாய் துவைக்கிற கல்லின் மேல் ஏறி மதிலைத் தாண்டப் பார்த்தது.

"வாயும் வயிறுமா இருக்கறவ இப்டி குதிக்கலாமா?" என்று பதறி, இழுத்து வந்து மரத்தில் கட்டினான். அது போட்ட ஊளையில் தெருவே எட்டிப் பார்த்தது.

சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் முனீர் அகமது பைக்கில் வந்து இறங்கினார். பின்னாலேயே கட்டிங் பிரிவு ஆட்கள் நாலு பேர். கையில் ஆப்பிள், பேரீச்சம்பழம், குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லா.

கேட்டைத் திறந்தவள் சம்பூர்ணம். வயசு நாற்பத்தெட்டு. குல்லாவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்த முனீர் அகமது, "இன்னாமா, அதுக்குள்ள எழுந்து நடக்கறீங்க? உடம்பு தாங்குமா?" என்றார்.

சம்பூர்ணம் மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"ஐயோ சார், இவ இல்ல!"

"அப்ப பொண்ணா? காலேஜ்ல படிக்குதுன்னு சொன்னியே கன்னியப்பா!"

"அப்பா!" என்று உள்ளேயிருந்து மோகனா அலறினாள்.

வேறு வழியில்லை. கன்னியப்பன் மரத்தடியைக் காட்டினான். "அதுக்கு சார்."

முனீர் அகமது குல்லாவை மறுபடி பைக்குள் திணித்தார். "நாய்க்கா லீவு போட்ட? அங்க ஆள் கம்மியாயி லைனே பேஜாரா கெடக்குது!"

"எப்ப வேணா பொறந்துடும் சார். சோறு தண்ணி தொடல, ஒரே தவிப்பு. நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகம் இளகிவிட்டது. "அல்லா! பாவம்யா. இரு, பொறந்ததும் பாத்துட்டே போலாம்."

எல்லோரும் மரத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சம்பூர்ணம்கூட வெந்நீர் போட உள்ளே போனாள். அப்போது யாரோ கேட்டைப் படபடவென்று தட்டினார்கள். பின் தெருத் தோல் குடோன் வாட்ச்மேன் ஷோயப்.

"பாய், சத்தம் போடாதீங்க. பிரசவ நேரம்," என்றான் கன்னியப்பன்.

ஷோயப் அவன் தோளுக்கு மேல் எட்டி மரத்தடியைப் பார்த்தார்.

"இன்னா பிரசவம்? எங்க குடோன்ல இது போட்ட ஆறு குட்டிக்கும் கண்ணே தொறந்தாச்சு. காலைலேர்ந்து பாலுக்குக் கத்துதுங்க, மொதல்ல அவுத்து உடுய்யா!"