கோமளவல்லியின் புது இடுப்பு

ஒரு காட்டில் கோமளவல்லி என்றொரு புள்ளிமான் இருந்தாள். இடுப்பில் ஆபரேஷன் ஆனவள். அதற்கு முன்பு ஓட்டத்தில் அவளை நெருங்க அந்தக் காட்டிலேயே ஆள் கிடையாது. மறுபடி அப்படி ஓட வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பயிற்சி கொடுக்கக் கொக்கு டாக்டரம்மா வந்தாள். பிசியோதெரபிக்குக் கொக்கைவிடப் பொருத்தமான ஆள் யார்? பிழைப்பே ஒற்றைக்காலில் நிற்பதுதானே.

"டாக்டர், எப்ப ஓடலாம்?"

"முதல்ல ஒழுங்கா நில்லும்மா. இப்பப் பக்கவாட்டுல படு. காலைத் தூக்கு. மூச்சை ஏன் பிடிச்சு வெச்சிருக்கே? விடு!"

கோமளம் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள், இறக்கினாள். கணவன் சாரங்கன் புல் கொண்டுவந்து போட்டான். ஒவ்வொரு வாய்ப் புல்லுக்கும் ஒரு பெருமூச்சு, மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தவன் மாதிரி.

"இன்னும் படுத்துக்கிட்டுக் காலாட்டிட்டுத்தான் இருக்கியா?"

மெல்ல நடை வந்தது. பிறகு துள்ளல். ஒரு விடியற்காலையில் ஓட்டமே வந்துவிட்டது! ஆற்றங்கரை வரை ஓடிய கோமளம், கணவனிடம் சொல்லிவிட வேண்டுமென்று பறந்து வந்தாள். புதருக்கு அந்தப் பக்கம் சாரங்கன் தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"உன் அண்ணி ஓட ஆரம்பிக்கட்டும். நம்ம ஆளுங்க அத்தனை பேரையும் கோடை முழுக்க இங்கேயே வந்து தங்கச் சொல்லு. எல்லாம் அவ பார்த்துப்பா."

கோமளம் நொண்டிக்கொண்டே வீட்டுக்குள் போனாள். அன்றிலிருந்து ஊர் எழுமுன் ஓட்டம், எழுந்தபின் நொண்டல்.

ஒருநாள் பட்டப்பகலில் சிறுத்தை பாய்ந்தது. கோமளமும் சாரங்கனும் தலைதெறிக்க ஓடினார்கள். சிறுத்தை சலித்துப்போய்த் திரும்பிவிட்டது. கோமளம் மேட்டின்மேல் சாவகாசமாய்க் காத்திருக்க, சாரங்கன் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தான்.

"ஏய்! நீ ஓடினே!"

"உயிர்ப்பயங்க. இப்பத்தான் வலியே தெரியுது. ஐயோ, அம்மா!"

நொண்டியபடி நாலடி வைத்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆபரேஷன் நடந்தது வலப்பக்கம். பதற்றத்தில் நொண்டுவதோ இடக்காலை. தொலைந்தது கதை என்று திரும்பிப் பார்த்தாள்.

சாரங்கன் கண்கலங்கி நின்றிருந்தான்.

"பாவம்டி நீ. அதே காலுதானே? இரு, நம்ம ஆளுங்களை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

நீதி: நொண்டுவதென்று முடிவெடுத்தபின் எந்தக் கால் என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஆபரேஷன் எந்தப் பக்கம் நடந்ததென்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் அல்லவா மாட்டிக்கொள்வதற்கு!